நாற்பத்தோராவது நிமிடம்

மருத்துவமனைச் சலவைக்கூடம்,
இரவு இரண்டே கால்.
எட்டு இயந்திரங்களும் ஒரே கதியில் சுற்றுவதில்லை.
ஆறாவது கொஞ்சம் பிந்தும்.
அதன் பக்கத்தில்தான் நிற்பேன்.

காதில் ரோவீனா.
இப்போது மூன்று மாநிலங்களுக்குத் தெரிந்த குரல்.
நான் அறிந்த நாளில் அது
வேன் டயர் பஞ்சரானால்
பனியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லும் குரல்.

பாட்காஸ்ட் நடத்துபவன் கோர்டன் ப்ரோக்.
குளிர்கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்
மைக் வைத்துப் பதிவு செய்கிறானாம்.
கம்பளி எதிரொலியைக் குடித்துவிடுமாம்.
முதல் கேள்வி:
"ராக் இசையில் பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது?"

"பசியாக இருக்கிறது."

அவன் சிரிக்கிறான்.
அவள் சிரிக்காதது
எனக்குக் கேட்கிறது.

ஃபார்கோவில் ஒரு மதுக்கூடம்,
சம்பளமாக இரண்டு பீட்சா கூப்பன்.
சவுண்டுக்காரன் என் டிரம்ஸைக் காட்டி
"இதை வாசிக்கும் ஆள் எப்போ வருவான்?" என்றான்.
அந்தக் கதையைச் சொல்வாளா என்று காத்திருந்தேன்.
சொன்னாள்.
ஆனால் கதையில்
டிரம்ஸ் பக்கத்தில் நின்றது அவள்.

போகட்டும்.
கதையும் ஆம்ப்ளிஃபையர் மாதிரிதான்,
கடைசி இரவில் யார் வண்டியில் ஏறியதோ
அவர்களுடையது.

நடுவில் மெத்தை விளம்பரம்.
நூறு இரவு தூங்கிப் பார்த்துத் திருப்பித் தரலாமாம்.
நான் மடித்துக்கொண்டிருந்தது
அறுவை அரங்கத்துப் பச்சைத் துணி.

முதல் ஆல்பத்தைப் பற்றிக் கேட்கிறான்.
என் அண்ணனின் படகுக் கொட்டகையில் பதிந்தோம்,
ஜனவரியில், கையுறை விரல்களை வெட்டிக்கொண்டு.
டுலூத் ஏரி உறைந்து விரிசல் விடும் சத்தம்
மூன்றாவது பாட்டில் இருக்கிறது.
எழுதியவர்கள் அதைச் சிந்தசைசர் என்றார்கள்.
நாங்கள் மறுக்கவில்லை.
சிந்தசைசர் வாங்கக் காசிருந்ததாகத்தான்
நினைக்கட்டுமே.

"'உப்பு லாரி' ஏன் கலைந்தது?"

இயந்திரக் கதவில் கை வைத்தபடி நின்றேன்.

"டிரம்மர் போய்விட்டாள்."

எழுவாய், பயனிலை.
செயப்படுபொருள் இல்லாத வாக்கியம்.
ஒன்பது வருடம் அதற்குள் அடங்கிவிட்டது,
இரண்டு ஆல்பமும்
இருவர் ஒடுங்கிப் படுத்த ஒற்றைத் தூக்கப்பையும்.
என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.
தைமி.
இரண்டே எழுத்து.

போனேன்தான்.
ஒரு மார்ச் மாதம், வலது மணிக்கட்டு வீங்கி,
காப்பீடு இல்லாமல்,
சிம்பல்களை விற்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு.
மணிக்கட்டைப் பற்றி அவள் பேசவில்லை.
எப்படிப் பேசுவாள்?
அவளிடம் நான் சொன்னதே இல்லை.
சலித்துவிட்டது என்றுதான் சொன்னேன்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
ஃபோன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.
எண்கள் ஓடிக்கொண்டிருந்தன,
நாற்பத்தொன்று, பத்து.
நாற்பத்தொன்று, பதினொன்று.
கோர்டன் வெட்ட மறந்த பதினான்கு விநாடி.
அதற்குள் மிக மெல்ல
மேசைமேல் விரல்.

டக்.
டக் டக்.

டக்.

நான்காவது அடி பிந்தி விழுகிறது.
என்னைத் தவிர யாரும் அதை அப்படி அடித்ததில்லை.
தப்பு, தப்பு என்று
மெட்ரோனோம் வாங்கிக் கொடுத்துத்
திருத்தப் பார்த்தவள் அவள்தான்.

"சரி, அடுத்த சுற்றுப்பயணம்?" என்று கோர்டன்.
மில்வாக்கி, மேடிசன், தேதிகள்,
டிக்கெட் விலை.

பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்,
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
செயலியில் ஒரு பொத்தான் உண்டு,
பேச்சில்லாத இடங்களைத் தானே நீக்கிவிடும்.
அது அணைந்திருக்கிறதா என்று
ஒரு தடவைக்கு இரு தடவை பார்த்துக்கொண்டேன்.

ஆறாவது இயந்திரம் நின்றது.
நான்காம் தளத்தில் போர்வை கேட்கிறார்கள்.
கட்டுப் போட்ட கையால் தள்ளினால்
வண்டி எப்போதும்
இடதுபக்கம்தான் போகும்.